நிரம்பியிருந்த டிரைவ்

புதியதொன்று எழ வேண்டுமானால் பழையது அடியோடு அழிய வேண்டும். நாகரிகங்கள் அப்படித்தான் எழுந்தன. பேரரசுகள் அப்படித்தான் விழுந்தன. இயற்கையே அப்படித்தான் இயங்குகிறது. இந்தப் பேருண்மையைப் பெரியவன் காலை பதினோரு மணிக்கு, பனியனோடு அப்பாவின் மேசை முன் உட்கார்ந்தபடி அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கே அது தெரியவந்து முக்கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. பதினேழு நிமிட வீடியோ ஒன்றில், கடைசிவரை முகம் காட்டாத ஒருவர் சொல்லியிருந்தார்.

அம்மா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

“எதை அழிக்கப் போறீங்க?” என்றாள்.

“பழசை.”

“பழசுன்னா?”

“உனக்குப் புரியாதும்மா. பார்ட்டிஷன்.”

“சரி தம்பி,” என்றாள் அம்மா. ரிப்பேர் வேலைக்கு வருகிறவர்களிடம் அவள் எப்போதுமே மரியாதையாகத்தான் பேசுவாள்.

அம்மாவுக்கு ஆட்கள் மறந்துபோகத் தொடங்கி இரண்டு வருடமாகிறது. முதலில் பெயர்கள் போயின, பிறகு முகங்கள். நூலகத்தில் முப்பத்தாறு வருடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா இதற்காக அழுது யாரும் பார்த்ததில்லை. அவர் தெரிந்தவர்களையெல்லாம் ஒவ்வொருவராகப் படமெடுத்தார். ஒவ்வொரு படத்துக்கும் அது யார், என்ன உறவு, வந்தால் என்ன பேசலாம் என்று தன் குரலிலேயே பேசிப் பதிந்தார். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கோத்து, தினமும் காலை பத்து மணிக்கு அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓடவிட்டார். அன்று பகல் முழுக்க அம்மாவுக்கு ஓரளவு ஆட்கள் தெரிந்தார்கள். சாயங்காலத்துக்குள் கலைந்துவிடும். மறுநாள் பத்து மணிக்கு மறுபடி.

மூன்று நாளுக்கு முன் அப்பாவை மூச்சுத் திணறலுக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தங்கை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தாள். ஏற்கெனவே வருவதாக இருந்த பெரியவனும் வெளியூரிலிருந்து வந்து இறங்கினான். நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நோயாளி விஷயத்தில் தனக்கு வேலையில்லை என்று ஆனதும் பெரியவனின் கண் கம்ப்யூட்டர் மேல் விழுந்தது. அது கண் விழிக்கவே பதினோரு நிமிடம் எடுத்துக்கொண்டது.

குடும்பத்தில் பெரியவன் ‘ஐ.டி.யில் இருப்பவன்’. அலுவலகங்களுக்குப் பிரிண்டர் மை விற்பது அவன் வேலை. இரண்டும் ஒரே துறைதான் என்று அவன் ஒருபோதும் பொய் சொன்னதில்லை. யாராவது அப்படி நினைத்தால் திருத்தியதில்லை, அவ்வளவுதான்.

“நாளைக்கு நீங்க வர்றதுக்குள்ள ராக்கெட் மாதிரி ஆக்கிடறேம்பா,” என்று முந்தின நாள் ஆஸ்பத்திரியில் சொன்னான்.

“அதுக்கென்ன அவசரம். வந்த இடத்துல நீ ரெஸ்ட் எடு.”

“அரை மணி நேர வேலை.”

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பெரியவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

அதனால் இன்று பத்து மணிக்கு அம்மாவுக்குப் படம் ஓடவில்லை. படமெல்லாம் ‘டி’ டிரைவில் பத்திரமாக இருக்கிறது, மெதுவாக ஓடும் ‘சி’ டிரைவை மட்டும் அழித்துச் சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டால் போதும் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்ததில் தவறில்லை. ஆனால் திரையில் வந்து நின்ற பட்டியலில் ‘சி’யும் இல்லை, ‘டி’யும் இல்லை. டிஸ்கைப் பிரித்திருந்த பார்ட்டிஷன்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் மட்டும் இருந்தன. பக்கத்தில் அளவு. அதற்குப் பக்கத்தில் காலி இடம். ஒன்றாவது பொடியாக இருந்தது; அதை விட்டுவிடலாம். இரண்டாவதில் பாதிக்கு மேல் காலி. மூன்றாவது பிதுங்கி வழிந்தது; நான்கு ஜி.பி.தான் மிச்சம். வீடியோக்காரரின் கம்ப்யூட்டரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவர் பாடு சுலபம்.

பெரியவன் யோசித்தான். நெரிசலான தெருவில்தான் வண்டி மெதுவாகப் போகும். ஆக எது மெதுவோ அது நிரம்பியிருக்கும். எது நிரம்பியிருக்கிறதோ அதுதான் ‘சி’. இதைவிடத் தெளிவாக யாரும் யோசித்திருக்க முடியாது. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்து அழிக்கும் பொத்தானை அழுத்தினான். இதில் உள்ள அனைத்தும் நிரந்தரமாக நீங்கிவிடும் என்று ஒரு சின்னப் பெட்டி எழுந்து நின்று எச்சரித்தது. இருபது வருட உத்தியோகத்தில் இப்படிப்பட்ட பெட்டிகளைப் படிக்காமலே சம்மதித்துப் பழகியவன் அவன். ஃபார்மேட் ஆயிற்று. புதிய சிஸ்டம் ஏறத் தொடங்கியது.

பதினான்கு சதவீதத்தில் போன் அடித்தது. தங்கை.

“அண்ணா.”

“சொல்லு. டிஸ்சார்ஜ் எத்தனை மணிக்காம்?”

பின்னால் யாரோ டிராலி தள்ளும் சத்தம் கேட்டது. பிறகு அவள், “காப்பி வாங்கப் போயிருந்தேன். அஞ்சு நிமிஷம்தான். திரும்பி வந்தா…” என்றாள்.

“எத்தனை மணிக்கு?” என்று கேட்டான் பெரியவன். கேட்டது தன் குரல்தானா என்று இருந்தது. பில் போடுகிறவன் கேட்பதைப் போல இருந்தது.

“பதினொன்னு இருபதுன்னு எழுதறாங்க.”

“சரி. வர்றேன்.”

“அம்மாகிட்ட இப்ப சொல்லாதே. நான் வந்து சொல்றேன்.”

போனை வைத்தான். அம்மா ஒரு பட்டாணி கீழே உருண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாரு தம்பி போன்ல?”

“தங்கச்சி.”

“உங்க தங்கச்சியா? நல்லா இருக்காங்களா?”

“இருக்கா.”

இந்த நிலைமையில் வேலை ஓடக்கூடாது என்று தோன்ற, அவன் பிளக்கைப் பிடுங்கினான். ஒரு நிமிடம் கழித்து, ஏனென்று தெரியாமல், மறுபடி செருகினான். கம்ப்யூட்டர் பதினோரு நிமிடம் எடுத்துக்கொண்டு நிதானமாகக் கண் விழித்தது. அதே பழைய திரை, அதே மந்தம். அழிந்திருக்க வேண்டியது ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தது. ‘டி’ டிரைவ் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

பெரியவன் அப்போதுதான் நாற்காலியை விட்டு எழுந்தான்.

*

இரண்டு மணிக்கு அப்பாவைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். வாசலில் செருப்புகள் சேர்ந்தன. காரியங்களைச் சித்தப்பா எடுத்துக்கொண்டார். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அவர். லிஃப்ட் பழுது என்ற அறிவிப்பைக்கூட ‘அன்பார்ந்த பெருமக்களே’ என்று ஆரம்பிப்பவர். கையில் நோட்டோடு வந்திருந்தார்.

“பத்திரிகைக்கு எழுதிட்டேன், கேளுங்க,” என்றார். “‘அறிவுலகின் தூண் சாய்ந்தது.’”

“தூண் எல்லாம் வேணாம் சித்தப்பா,” என்றாள் தங்கை. அவள் கண்கள் வீங்கியிருந்தன. “அவர் ஒரு இடத்துல நின்னவரே இல்ல. நாள் முழுக்க ரேக்குக்கு நடுவுல நடந்துட்டே இருந்தவர்.”

“மரியாதைக்குப் போடறதும்மா. ‘புத்தகங்களை நேசித்தவர்’னு அடுத்த வரி.”

“புத்தகத்தைத் திருப்பிக் குடுக்காதவங்களைத் திட்டுவார். அது தெரியும்.”

“போட்டோ?”

தங்கை தன் போனிலிருந்து ஒன்றை அனுப்பினாள். அப்பா பாதி சிரித்துக்கொண்டிருந்த படம். சித்தப்பாவுக்கு அதில் கம்பீரம் போதவில்லை.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. கூடத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். “அண்ணிக்காக அண்ணன் பேசி வச்சிருக்காரே, அந்தக் குரலை எல்லாரும் ஒரு தடவை கேக்கணும். நாலரைக்கு வைப்போம். பெரியவன் இருக்கான், அவனுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு. என்னடா?”

நாற்பது தலைகள் திரும்பின.

“அப்டேட் ஆயிட்டிருக்கு சித்தப்பா,” என்றான் பெரியவன்.

“எவ்வளவு நேரமாகும்?”

“அதைச் சொல்ல முடியாது.”

எல்லோரும் மெல்லத் தலையசைத்தார்கள். சொல்ல முடியாது என்று இவ்வளவு உறுதியாகச் சொல்கிறவனுக்கு விஷயம் தெரியாமல் இருக்காது.

தங்கை மட்டும் அவன் முகத்தைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில், “இவங்களுக்கு ஓடலன்னா பரவாயில்ல. நாளைக்குப் பத்து மணிக்கு அம்மா வந்து உக்காருவா. அதுக்குள்ள ஆயிடும்ல?” என்றாள்.

“ஆயிடும்.”

“அந்தக் குரல்ல சொன்னாத்தான் அவளுக்கு ஏறுது. நான் சொன்னா ஏற மாட்டேங்குது. இந்த ரெண்டு நாளும் அதைப் போட்டுத்தான் சமாளிச்சேன்.”

“ஆயிடும்னு சொல்றேன்ல.”

அம்மாவை யாரோ கூட்டிவந்து அப்பாவின் தலைமாட்டில் உட்கார வைத்தார்கள். அவள் கொஞ்ச நேரம் அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு வழக்கமாகப் பதில் வரும் பக்கமாக, தன் இடது தோளுக்குமேல் திரும்பி, “இவர் யாரு?” என்று கேட்டாள்.

அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி காலியாகக் கிடந்தது. அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

“அப்பாதாம்மா,” என்றாள் தங்கை.

“அப்படியா,” என்றாள் அம்மா. இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். அப்பா எல்லோரையும் படமெடுத்திருந்தார். தன்னை எடுக்கவில்லை, பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தார்.

*

பெரியவன் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான்.

அழிந்ததை மீட்டுத் தருவதாகச் சொல்லும் மென்பொருள் ஒன்றை இறக்கினான். அது மூன்றாவது பார்ட்டிஷனின் மேல் ஊர்ந்தது. ஏதாவது கிடைக்கும் என்று சொல்லி ஊர்ந்துகொண்டே இருந்தது. ஒரு மணி நேரத்தில் படங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. தலையை மட்டும்தான் காட்டின. எதிர்வீட்டு டீச்சருக்குப் புருவம் வரை இருந்தது. அதற்குக் கீழே சாம்பல் நிறம். மருந்துக் கடைக்காரருக்கு வழுக்கை மட்டும். பதினான்கு சதவீதப் புதிய சிஸ்டம் எல்லோருடைய வாயின்மேலும் ஏறி உட்கார்ந்திருந்தது.

குரல் கோப்புகளில் ஒன்றே ஒன்று திறந்தது.

“இது…” என்றார் அப்பா.

அத்தோடு நின்றுவிட்டது. பெரியவன் மறுபடி ஓடவிட்டான். “இது…” அடுத்து வரவேண்டிய சொல்லுக்காக அவர் மூச்சு இழுப்பதுவரை கேட்டது. பதினைந்து, பதினாறு தடவை கேட்டிருப்பான்.

கதவை யாரோ தட்டினார்கள். சித்தப்பாவின் குரல் அவர்களைத் தடுத்தது. “விடுங்க. அவன் ஒருத்தன்தான் உள்ளுக்குள்ளயே வச்சுக்கறவன். அப்பா குரலைக் கேட்டுக் கேட்டு அழறான், பாவம். அழட்டும்.”

உள்ளே பெரியவன், ‘அழித்த பார்ட்டிஷனைத் திரும்பப் பெறுவது எப்படி’ என்று தேடிக்கொண்டிருந்தான். முகம் காட்டாத அதே ஆசாமி அதற்கும் ஒரு வீடியோ போட்டிருந்தார். முதல் வாக்கியமே, அழித்த பிறகு அதன்மேல் எதையும் ஏற்றாமல் இருக்கிறீர்கள் அல்லவா என்பதுதான்.

நாலரைக்கு அவன் வெளியே வந்தபோது சித்தப்பா பேச எழுந்து நின்றிருந்தார். நூலகம் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்தார். மனித குலம் களிமண்ணில் எழுதிய காலத்தைத் தாண்டி அவர் காகிதத்துக்கு வந்து சேர்வதற்குள் ஐந்து மணி. ஐந்தேகாலுக்கு வண்டிக்காரர் உள்ளே வந்து கைக்கடிகாரத்தைக் காட்டினார். அப்பாவின் குரலுக்கு நேரமில்லாமல் போயிற்று. பெரியவன் தன் வாழ்நாளில் சித்தப்பாவை மனமார நேசித்தது அந்த நாற்பத்தைந்து நிமிடம்தான்.

*

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு அம்மா குளித்து, தலை வாரிக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கூடத்தில் தயாராக இருந்தாள். எதற்கு என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் பத்து மணிக்கு ஏதோ இருக்கிறது என்பது தெரிந்திருந்தது.

சமையலறையில் தங்கை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெரியவன் போய்ப் பக்கத்தில் நின்றான். தேய்த்த டம்ளர்களை அடுக்கினான். எல்லாம் அடுக்கியான பிறகு சொன்னான்.

“அழிச்சுட்டேன்.”

“எதை?”

“அம்மாவோடதை. பார்ட்டிஷன் மாறிப் போச்சு.”

தங்கை குழாயை மூடினாள்.

“முழுசாவா?”

“பாதி பாதி இருக்கு.”

“பாதின்னா?”

“நெத்தி வரைக்கும்.”

தங்கை சிரித்துவிட்டாள். சிரித்தது நிற்கவில்லை, அது வேறொன்றாக மாறி, அவள் ஈரக்கையாலேயே முகத்தை மூடிக்கொண்டாள். பெரியவன் அவள் தோளைத் தொடக் கையை நீட்டி, என்ன உரிமையில் என்று தோன்ற, சுவரில் கையை வைத்துக்கொண்டான்.

“அப்பா குரல்?” என்றாள் கைகளுக்குள்ளிருந்தே.

“‘இது’ன்னு ஒரு வார்த்தை.”

“எப்ப அழிச்சே?”

“நேத்து. நீ போன் பண்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி.”

தங்கை முகத்தையும் கையையும் துடைத்துக்கொண்டாள்.

“அம்மா காத்துட்டிருக்கா,” என்றாள் தங்கை. “நான் சொல்ல மாட்டேன். நீயே போய்ச் சொல்லு. என்ன வேணாலும் சொல்லிக்கோ. அப்டேட்டுன்னு மட்டும் சொல்லாதே.”

பெரியவன் கூடத்துக்கு வந்தபோது வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். தெருமுனையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். சட்டைப் பையில் எப்போதும் திருப்புளி செருகியிருப்பதால் தெருவில் எல்லோருக்கும் அவர் ஸ்க்ரூ. நேற்று கூட்டத்தில் கடைசி ஆளாக நின்று, உள்ளே வர இடமில்லாமல் திரும்பிப் போயிருந்தார்.

“நல்ல மனுஷன் சார்,” என்றார். பிளாஸ்டிக் கவர் ஒன்றை நீட்டினார். “இது அவரோடது. இனிமே என்கிட்ட இருக்கக் கூடாது.”

கவருக்குள் உள்ளங்கை அளவில் ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தது.

“என்ன இது?”

“காப்பி சார். அம்மாவுக்குப் போடற படம், அவர் பேசினது, எல்லாம். போன வாரம் எடுத்தோம்.”

பெரியவன் அதை இரண்டு கையாலும் வாங்கினான். பின்னால் தங்கை வந்து நின்றது தெரிந்தது.

“போன வாரம் எதுக்கு எடுத்தார்?” என்றாள் தங்கை. “அப்ப எல்லாம் நல்லாத்தானே ஓடிட்டிருந்தது?”

ஸ்க்ரூ சங்கடமாகப் பெரியவனைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்த திருப்புளியை எடுத்துத் திரும்ப வைத்தார்.

“சொல்லுங்க,” என்றான் பெரியவன்.

“நீங்க வர்றேன்னு போன் பண்ணினீங்களாம் சார். அப்படியே கம்ப்யூட்டரையும் பாத்துடறேன்னு சொன்னீங்களாம். அன்னிக்கு சாயந்தரமே கூப்பிட்டு விட்டார். பேசவே மூச்சு வாங்குது, அதோட உக்காந்து, எல்லாம் ஏறிடுச்சான்னு மூணு தடவை கேட்டார். நீங்க ஊருக்குத் திரும்பினப்புறம் கொண்டுவந்து குடுக்கச் சொன்னார். நீங்க இருக்கும்போது வேணாம், வருத்தப்படுவான்னார். ஆனா இப்ப… அவரே இல்லாதப்ப, நான் யார்கிட்ட கேக்கறது?”

“பரவாயில்ல,” என்றான் பெரியவன்.

“நீங்க ஏற்கெனவே சிஸ்டம் போட்டுட்டீங்களா சார்?”

“இல்ல. நீங்களே போட்டுடுங்க. இன்னொரு நாள்.”

“இன்னொரு நாளா வர்றேன்,” என்றார் ஸ்க்ரூ. “இப்ப இதை மாட்டினாலே ஓடும்.” அவரே உள்ளே போய் மாட்டினார்.

பதினோரு நிமிடம் ஆயிற்று. பத்து மணிக்கு அம்மா தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு இடது பக்கம் இருந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. தங்கை தரையில் உட்கார்ந்தாள். பெரியவன் கதவோரம் நின்றான்.

முதல் படம் தங்கை. “இது நம்ம பொண்ணு,” என்றது அப்பாவின் குரல், முழுதாக, ஒரு இருமலோடு. “தினமும் வருவா. கோவமா இருக்கற மாதிரி தெரியும், கோவம் இல்ல. சாப்பிட்டியான்னு கேளு.”

அம்மா குனிந்து தங்கையைப் பார்த்தாள். “சாப்பிட்டியா?”

“இன்னும் இல்லம்மா.” தங்கை முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அடுத்தது வீட்டு வேலைக்கு வருபவர். பிறகு எதிர்வீட்டு டீச்சர், வாயோடும் மூக்கோடும். ஆறாவதாக ஸ்க்ரூவே வந்தார். உயிரோடு இருக்கும் ஸ்க்ரூ தன் படத்தைப் பார்த்துக் கூச்சத்தோடு கையைக் கட்டிக்கொண்டார். பதினொன்றாவது சித்தப்பா. “இது என் தம்பி. பேச ஆரம்பிச்சா நடுவுல நிறுத்த வழியில்ல. தலையாட்டிட்டே இரு, நல்ல மனசு.” அம்மா தலையாட்டினாள்.

“என்ன வரிசை இது?” என்று பெரியவன் தணிந்த குரலில் கேட்டான். “சித்தப்பாவை இவ்வளவு பின்னால வச்சிருக்கார்.”

“யார் அடிக்கடி வர்றாங்களோ அவங்க முன்னாடி,” என்றாள் தங்கை, தலையை நிமிர்த்தாமல். “லைப்ரரி பழக்கம். நிறையப் பேர் கேக்கறதை கைக்கெட்டற தட்டுல வைப்பாராம்.”

படங்கள் ஓடின. தபால்காரர் வந்தார். கண் டாக்டர் வந்தார். குழாய் ரிப்பேர்காரர் வந்தார். பெரியவன் ஒவ்வொரு படம் மாறும்போதும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, பிறகு மறுபடி கதவில் சாய்ந்துகொண்டான்.

கடைசியில் வந்தான். நாலு வருடத்துக்கு முந்தின சட்டை; பழைய படமொன்றைத்தான் போட்டிருந்தார்.

“இது நம்ம பெரியவன்,” என்றார் அப்பா. “நம்ம முதல் பிள்ளை. கம்ப்யூட்டர்ல பெரிய ஆள்னு சொல்லுவான். ஆமான்னு சொல்லிடு.”

அம்மா திரும்பி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கதவோரம் நின்றவனை நன்றாகப் பார்த்தாள்.

“ஆமா,” என்றாள்.

அது முப்பத்தொன்றாவது படம். முப்பதாவது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வருபவர்.